கயவனுக்குக் கறுப்புச் சாயம் எதற்கு?

துப்பறியும் கதையையும் மர்மக் கதையையும் இழிந்த சரக்கென்று ஒதுக்கித் தள்ளும் புலவர் கூட்டத்தில் நாம் சேரோம். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் இரவில் ஒரு நாழிகை கதையில் மூழ்குவது குற்றமன்று. ஆனால் அவர் கையில் கொடுக்கப்படும் கதை எத்தகையது, அதில் வரும் தீயோன் எத்தகையவன் என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. அதனையே இங்குக் கேட்கப் புகுந்தோம்.

நம் கதாசிரியர் பலர் தீயோனைப் படைக்கும் முறை யாவரும் அறிந்ததே. முதலில் அவனுக்குக் கரிய மேனி கொடுக்கப்படும். பிறகு சிவந்த கண்ணும் முறுக்கிய மீசையும் கன்னத்தில் ஒரு தழும்பும் வந்து சேரும். இவை போதா என்று தோன்றினால் ஒரு கண்ணைக் குருடாக்குவர்; அல்லது ஒரு காலை முடமாக்குவர். அவன் வாயைத் திறந்தால் வெடிச்சிரிப்பு ஒன்றே வெளிப்படும். எதற்காகச் சிரிக்கிறான் என்பது அவனுக்கும் தெரியாது. அவனைப் படைத்தவருக்கும் தெரியாது. நாற்பது பக்கத்தில் நான்கு கொலை செய்வான். நாற்பத்தோராம் பக்கத்தில் போலீஸார் வந்து விலங்கு மாட்டுவர். புத்தகத்தை மூடிய மறுநாள் அவன் பெயர் யாதென்று கேட்டுப் பாருங்கள். படித்தவர் விழிப்பார்!

இதற்கு மாறாக, நூறாண்டு கடந்தும் மக்கள் மனத்தை விட்டு அகலாத தீயோர் சிலரும் கதையுலகில் உளர். அவர்கள் சிந்திய இரத்தம் அதிகமா? இல்லை. அவர்கள் முகம் கோரமானதா? அதுவும் பெரும்பாலும் இல்லை. அங்ஙனமாயின் அவர்களை நிலைநிறுத்தியது யாது?

கானன் டாயில் படைத்த மோரியார்ட்டியை முதலில் எடுத்துக் கொள்வோம். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸின் கதையை முடித்துவிட விரும்பிய ஆசிரியர், அவனை வீழ்த்தத் தக்க ஒருவனைத் தேடி, 1893-இல் வெளிவந்த ஒரு சிறுகதையில் இவனைப் புகுத்தினார். இவன் கணிதப் பேராசிரியன். இருபத்தொரு வயதில் கணித ஆராய்ச்சி நூல் எழுதிப் புகழ் பெற்றவன். கத்தியைத் தன் கையால் தூக்குவதில்லை. லண்டன் நகரத்துக் குற்றங்களில் பாதி இவன் மூளையில் பிறக்கும்; ஆனால் அகப்படுகிறவன் வேறொருவனாக இருப்பான். கதையைச் சொல்லும் வாட்ஸன் இவனைத் தொலைவிலிருந்து இரண்டு முறை காண்கிறார், அவ்வளவே. இவனோடு ஒரு வார்த்தையும் அவர் பேசினாரில்லை. எனினும் ஹோம்ஸின் பகைவன் யாரென்று கேட்டால் உலகம் இவன் பெயரையே கூறுகிறது. ஹோம்ஸ் எதிர்த்த திருடர்களும் கொலைகாரர்களும் பலர். அவர்களை யார் நினைக்கிறார்? வீரனுக்கு நிகரான அறிவும், ஊரார் வணங்கும் மதிப்பும், தன் கை கறைபடாமல் பிறர் கையால் தீமை செய்யும் திறமும் ஒருங்கே அமைந்தமையால் அன்றோ மோரியார்ட்டி நின்றான்?

அடுத்து, வில்கீ காலின்ஸ் 1859, 1860 ஆண்டுகளில் தொடர்கதையாக எழுதிய ‘வெள்ளுடை மாது’ என்னும் நாவலின் ஃபாஸ்கோ பிரபுவைப் பாருங்கள். பருத்த உடல், இனிய சொல், மிட்டாயில் மிகுந்த ஆசை. வெள்ளெலிகளைத் தன் மேனிமீது ஓடி விளையாட விடுவான். சிறு பறவைகளைக் கொஞ்சுவான். இந்த மனிதனே ஒரு பெண்ணின் இருபதினாயிரம் பவுன் சொத்துக்காக, அவளைப் போன்ற உருவமுடைய வேறொருத்தி இறந்தபோது அப்பிணத்தை இவள் பெயரால் புதைத்துவிட்டு, உயிரோடிருக்கும் இவளை அவள் பெயரால் பைத்தியக்கார விடுதியில் அடைக்கும் சதியைச் செய்தவன்! அதற்கு அவன் கருவியாகக் கொண்டவை யாவை? கல்யாண ஒப்பந்தம், வைத்தியரின் சான்று, கல்லறைக் கல்வெட்டு. சட்டமும் சமூகமும் தந்த காகிதங்களைக் கொண்டே ஓர் உயிரை அழித்தான். அன்றியும், தன்னை எதிர்த்து நிற்கும் மரியன் என்னும் பெண்ணின் அறிவை அவன் உள்ளபடியே மதிக்கிறான். அந்த மதிப்பே அவன் கையைத் தளர்த்துகிறது. தீயோனுக்கும் ஒரு நெஞ்சுண்டு என்று காட்டிய மாத்திரத்தில் அவன் தீமை குறைந்து போகவில்லை. பதின்மடங்கு அச்சந் தருவதாயிற்று.

1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலாவோ மனிதனே அல்லன். இரத்தம் குடிக்கும் பேய். ஆயினும் அந்நூலின் வெற்றி அவன் பல்லிலன்று. நூல் முழுவதும் நாட்குறிப்பும் கடிதமுமாய் அமைந்தது. அவற்றுள் டிராகுலாவின் நாட்குறிப்பு ஒன்றேனும் இல்லை. முதல் நான்கு அத்தியாயங்களில் நம் கண்முன் நடமாடிய அவன், பின்னர் அரிதாகவே தோன்றுகிறான். காணாத இடத்திலெல்லாம் அவனை நாமே கற்பனை செய்து நடுங்குகிறோம். மேலும் அவன் ஒரு ஜமீன்தார். மலைநாட்டுக் குடியானவரின் குழந்தைகள் அவன் கோட்டைக்குப் பலியாகின்றன, பெற்றவள் வாயிலில் வந்து கதறுகிறாள், கேட்பாரில்லை. அதே பிரபு ஆங்கிலம் கற்று, ரயில் கால அட்டவணை படித்து, வக்கீல் மூலமாக முறைப்படி லண்டனில் வீடு வாங்கிக் குடியேறுகிறான். இரத்தம் குடிப்பவன் பத்திரம் பதிந்துகொண்டு வருகிறான் என்ற எண்ணமன்றோ படிப்பவர் உள்ளத்தை உலுக்குகிறது?

மூவரையும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நினைவில் நிற்கும் தீயோன் சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்தவனல்லன். நாற்காலியில் அமர்ந்தவன், நாலு பேர் எழுந்து வணக்கஞ் செய்யும் நிலையில் உள்ளவன். அவனுக்கு ஓர் ஆசையும், அவ்வாசைக்கு ஒரு நியாயமும் உண்டு. அந்நியாயம் பொய்யென்று நாம் அறிவோம், அவன் அறியான்.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடலாம். “சாக்ஸ் ரோமர் எழுதிய ஃபூ மாஞ்சுவை உலகம் மறக்கவில்லையே! அவனை நிறுத்தியது அவன் பிறப்பும் தோற்றமும் அன்றோ?” என்று அவர் கேட்பார். நல்ல கேள்வி, நேராகவே விடை கூறுவோம்.

ஃபூ மாஞ்சு 1913-இல் நூல் வடிவில் வெளிவந்தான். சீன தேசத்தான், மகா மேதை, வெள்ளையருலகை வீழ்த்த உறுதி பூண்டவன். அவனை எதிர்க்கும் வீரனோ பர்மாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயன். ஃபூ மாஞ்சுவின் ஏவலாட்கள் யார் தெரியுமா? பர்மியக் கொள்ளைக்காரரும் இந்தியத் தக்கரும்! நம்மவருக்கும் அக்கதையில் இடமுண்டு. இருட்டில் கயிற்றோடு பதுங்கி நிற்கும் இடம். அவன் நினைவில் நின்றான் என்பது மெய்யே. ஆனால் நின்ற விதம் யாது? மோரியார்ட்டியைப் படித்தவர் கணிதப் பேராசிரியரைக் கண்டு அஞ்சவில்லை. ஃபூ மாஞ்சுவைப் படித்தவரோ சலவைக்கடைச் சீனரையும் சந்தேகித்தார். ஒரு மனிதனின் தீமை ஓர் இனத்தின் நெற்றியில் முத்திரையாகக் குத்தப்பட்டது. இது பாத்திரப் படைப்பின் வெற்றியன்று, பழிச்சொல்லின் வெற்றி.

இன்னுமொன்று. ஃபூ மாஞ்சுவை அபின் புகையின் நடுவே காட்டுகிறார் ஆசிரியர். சீனாவின்மீது அபினைத் திணிப்பதற்காக 1839 முதல் 1842 வரை போர் நடத்தியவர் யார்? நமக்குத் தொலைவில் உள்ள கதையன்று இது. 1910-இல் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட் சர்க்கார் சண்டு காய்ச்சி விற்கும் தொழிலைத் தானே ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர்ப் பாசிர் பாஞ்சாங்கில் அதற்கென ஆலை நடந்தது; அருகிலுள்ள குன்று இன்றும் ‘புக்கிட் சண்டு’ என்னும் பெயரைச் சுமந்து நிற்கிறது. கப்பல்துறையில் மூட்டை சுமந்தவனும் ரிக்‌ஷா இழுத்தவனும் புகைத்த புகை கஜானாவில் வெள்ளியாக விழுந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே அவ்விற்பனை ஒழிந்தது. விற்றவர் கனவான், புகைத்தவர் கதையில் கயவர்! லெட்ஜர் எழுதிய கனவானைத் தீயோனாக வைத்து ரோமர் ஒரு நாவல் எழுதியிருந்தால் அதுவன்றோ மர்மக் கதை?

இம்முறையின் மலிவை ஆங்கிலேயரே உணராமற் போகவில்லை. துப்பறியும் கதைகள் எழுதிய பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் அத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். கதையில் சீனர் எவரும் வரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. விளையாட்டாகச் சொன்னதுபோல் தோன்றினும் அதன் கருத்து கசப்பானது. மர்மச் சீனனை இழுத்து வந்து கதையை ஒப்பேற்றும் வழக்கம் அந்த அளவுக்கு மலிந்து புளித்துவிட்டது.

நம் மொழிக்கு வருவோம். ஆரணி குப்புசாமி முதலியார் முதலியோர் ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவி எழுதித் தமிழருக்குப் படிக்கும் ஆசையை ஊட்டினர், அந்நன்றியை மறவோம். ஆனால் பின்வந்தோர் பலர் ஆங்கிலேயரிடமிருந்து அறிவுள்ள தீயோனை எடுத்துக்கொள்ளாமல் நிறத்தால் அமைந்த தீயோனையே எடுத்துக்கொண்டனர். அவன் மேனியில் பூசிய கறுப்பு யாருடைய நிறம்? நம் தாயின் நிறம். மரம் சீவிய நம் பாட்டனின் நிறம். வெளுத்த முகம் நல்லவன், கறுத்த முகம் கெட்டவன் என்று கதை தோறும் ஓதப்பட்டால், அதனைப் படிக்கும் நம் பிள்ளை கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு என்ன நினைக்கும்? இதனை ஆசிரியர்கள் சிந்தித்தார்களா?

தமிழில் வேறு வழி இல்லாமலுமில்லை. வள்ளுவர் கயமை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போது கயவருக்குத் தனியொரு உருவம் கூறினாரில்லை. மனிதரோடு அவர் முற்றும் ஒத்திருப்பதையே வியந்து கூறினார். 1950-இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’ படத்தின் பார்த்திபன் ராஜகுருவின் மகன். இரவில் கொள்ளையடிக்கிறான், அதனை ஒரு கலையென்று வாதாடுகிறான். முழுமையாகக் கிடைக்காத குண்டலகேசிக் காப்பியத்தின் கதையிலிருந்து மு. கருணாநிதி ஆக்கிய பாத்திரம் அவன். காதலித்து மணந்தவளையே மலையுச்சியிலிருந்து தள்ள நினைத்தவன் முகத்தில் தழும்பு இருந்ததா? அதே ஆண்டில் தொடங்கி 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் நந்தினி வருகிறாள். உயிர்ப்பிச்சை கேட்டு அவள் மன்றாடியும் கேளாமல் அவள் கண்ணெதிரே வீரபாண்டியன் தலை வெட்டப்பட்டது. அந்தப் புண்ணை அறிந்தமையாலேயே அவள் சூழ்ச்சியை வெறுக்கும்போதும் அவளை மறக்க முடியாமல் தவிக்கிறோம்.

“தீயோனுக்கு அறிவும் அழகும் நியாயமும் கொடுத்தால் இளைஞர் கெட்டுப்போவர்” என்பது நல்லெண்ணம் படைத்த பெரியோர் கூறும் தடை. நாம் கூறுகிறோம்: கோரைப் பல் தீயோனே இளைஞரைக் கெடுக்கிறான். தீமைக்கு ஓர் அடையாளம் உண்டு, அது என்னிடத்தில் இல்லை, ஆகவே நான் நல்லவன் என்ற பொய்ந்நிம்மதியை அவன் தருகிறான். அத்தோடு, உண்மைத் தீயோன் எதிரே வரும்போது அவனை அறியாத குருட்டுக் கண்ணையும் தருகிறான்.

நம் வரலாற்றையே பாருங்கள். உதவி பெற்றுக் கடல் கடக்கும் தொழிலாளர் குடிப்பெயர்ச்சியை இந்திய சர்க்கார் 1938-இல் தடுக்கும் வரை, கங்காணி ஊர் திரும்பி ஆள் சேர்த்தான். கங்காணிகள் எல்லாரும் கொடியவரல்லர். ஆனால் ஏமாற்றியவன் எப்படி வந்தான்? சொந்த ஊரானாக, உறவின் முறை சொல்லி அழைப்பவனாக, சரிகை அங்கவஸ்திரத்தோடும் இனிப்பான பேச்சோடும் வந்தான். தலைக்கு இவ்வளவு என்று அவன் பெறும் கூலியைப் பற்றி மட்டும் பேசவில்லை. தழும்பு முகத்தைத் தேடக் கற்றவர் அவனைக் கண்டு ஐயுறுவரோ? இன்றும் வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறிப்பவனும் வட்டிமேல் வட்டி வாங்குபவனும் வெள்ளைச் சட்டையோடுதான் நடமாடுகிறார்கள்.

ஆகலின், எழுத்தாளர்காள்! நாம் கேட்பது அரிதொன்றன்று. உங்கள் தீயோனுக்கு ஓர் ஆசையைக் கொடுங்கள். அவ்வாசை நாங்களும் கொள்ளக் கூடியதாக இருக்கட்டும். வீரனைத் திணறடிக்கும் அறிவைக் கொடுங்கள். ஊரார் மதிக்கும் ஓர் இடத்தில் அவனை உட்கார வையுங்கள். பக்கந்தோறும் அவனைக் கூச்சலிட விடாமல், வேண்டிய இடத்தில் மட்டும் வெளிக்கொணருங்கள். அவன் குற்றத்தை அவன் செயலிலிருந்து காட்டுங்கள். பிறப்பிலிருந்தும் நிறத்திலிருந்தும் ஊனத்திலிருந்தும் காட்டாதீர்கள்.

வாசகர்காள்! உங்கள் கையிலும் வலியதோர் ஆயுதம் உண்டு. முதல் அத்தியாயத்தில் கருத்த முகத்தையும் நொண்டிக் காலையும் காட்டி, இவனே குற்றவாளி என்று கண் சிமிட்டும் புத்தகத்தை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் மூடினால், எழுதுகிறவர் கற்றுக்கொள்வார்.