அம்மை கண்ட குழந்தைக்குக் கீரையை விலக்கலாமா?

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கும் ஓசை கேட்கக்கூடாது என்பது தமிழகத்தின் பல ஊர்களில் உள்ள வழக்கம். ஜவ்வாது மலையிலும் சில வீடுகளில் எண்ணெயோடு கீரையும் விலக்கப்பட்டு, குழந்தைக்குச் சாமைக் கஞ்சி மட்டுமே பல நாள்கள் தரப்படுகின்றது. வேப்பிலை கட்டுவதையோ, மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதையோ நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் இந்தப் பத்தியம் மட்டும் கைவிடப்படவேண்டும் என்பதே எங்கள் கருத்து. தட்டம்மை உடலில் இருக்கும் வைட்டமின் ஏ சத்தைக் கரைத்துவிடுகின்றது. சத்துக் குறைந்த குழந்தைக்குக் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வையே பறிபோகலாம்.

அச்சத்தின் மூலப்பொருள் பீட்டா கரோட்டின் என்னும் நிறமி. பரங்கிக்காய்க்கும் பப்பாளிப் பழத்துக்கும் நிறம் தருவதில் அதற்குப் பங்குண்டு. முருங்கைக் கீரையிலும் அது நிறைய உள்ளது. இலையின் பச்சை அதை மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாற்பது கரியணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. அதன் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருப்பதால் நீல ஒளியை விழுங்கி, மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தைக் காட்டுகின்றது. நம் குடலில் உள்ள நொதி ஒன்று அச்சங்கிலியை நடுவில் வெட்டுகின்றது. கிடைக்கும் துண்டுகளே வைட்டமின் ஏ ஆகின்றன. விழித்திரையில் ஒளி பட்டதும் வளைந்து நிமிர்ந்து, பார்வைக்கான முதற்குறிப்பைத் தருவது அத்துண்டுதான். அது குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண்.

இந்த நிறமி நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். எண்ணெயில்லாத கீரையை எவ்வளவு உண்டாலும் அதன் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். வேகவைத்துக் கடைந்தால் இலைக்குள் அடைபட்ட நிறமி எளிதில் வெளிப்படும். தாளிக்க மனம் ஒப்பாதவர்கள், கடைந்த கீரையில் நல்லெண்ணெயை அப்படியே விட்டுச் சோற்றோடு பிசைந்து ஊட்டலாம். வழக்கமும் கெடாது, கண்ணும் கெடாது. முருங்கை இலையை உலர்த்தி வைப்போர் நிழலில் உலர்த்துங்கள். வெயில் இந்நிறமியை அழித்துவிடும்.

சிறிதளவு சத்து என்ன செய்துவிடும் என்று கேட்போருக்குத் திருச்சிப் பகுதியில் நடந்த ஆய்வைச் சொல்வோம். மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மதுல்லா குழுவினர் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டு பின்தொடர்ந்து, 1990இல் முடிவை வெளியிட்டனர். உணவிலிருந்தே பெறக்கூடிய அளவு வைட்டமின் ஏ வாரந்தோறும் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னாளில் உத்தரப் பிரதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் இவ்வளவு பயன் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆயினும் தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள்கள் வைட்டமின் ஏ மருந்து தரவேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனமே வலியுறுத்துகின்றது. ஆகவே அம்மை என்று தெரிந்தவுடன் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் தாமதம் வேண்டாம்.

நோயாளியைப் பார்க்க வருவோர் கடன் வாங்கியேனும் ஆப்பிள் வாங்கி வருகின்றனர். இந்தச் சத்தைப் பொறுத்தவரை ஆப்பிளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கொல்லையில் பழுத்த பப்பாளியே மேல்.

மருந்துக் கடையில் வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். அளவு மிஞ்சினால் அது நஞ்சு. கருவுற்ற பெண்களுக்குப் பெருங்கேடு. கீரையிலும் பழத்திலும் அந்த அபாயம் இல்லை, தேவையான அளவையே உடல் மாற்றிக்கொள்ளும். மிகுதியாக உண்டால் உள்ளங்கை சற்று மஞ்சளாகலாம். உணவைக் குறைத்தால் மறைந்துவிடும். வெண்விழியும் மஞ்சளானால் அது கீரையால் வந்ததன்று, மஞ்சள் காமாலையாக இருக்கலாம். அன்றே அழைத்து வாருங்கள்.