தாயிழந்த அணிற்பிள்ளை

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் அறிவோம். பொதினி மலைத் தலைவனாகிய அவ்வள்ளல், மயில் குளிரால் நடுங்குகின்றது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். மயில் அதனை உடுத்துமோ, போர்க்குமோ என்று அவன் ஆராயவில்லை. இவ்வாறு ஆராயாது அளிக்கும் இயல்பினைக் கொடைமடம் என்று கூறி நம் முன்னோர் போற்றினர். பேகனது போர்வையால் மயிலுக்கு நன்மை விளைந்திராவிடினும் தீமை விளையவில்லை. ஆனால், ஆராயாத அன்பு உயிரையே போக்கிவிடும் இடங்களும் உண்டு. தாயை இழந்த சிறு விலங்கிற்கு உணவூட்டுதல் அத்தகையதோர் இடமாகும்.

எழுமலையில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குப் புலனாகும். அம்மலையைச் சார்ந்த சாப்டூர்க் காடு, 1988-ஆம் ஆண்டில் அமைந்த திருவில்லிபுத்தூர்ச் சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது. அச்சரணாலயம் 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. சாம்பல் நிற அணிலேயன்றிப் பறக்கும் அணிலும் இம்மலைத் தொடரில் வாழ்கின்றது. பெயர் அவ்வாறிருப்பினும் அது பறவையைப் போலப் பறப்பதன்று. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையேயுள்ள தோலை விரித்து, ஒரு மரத்தின் உச்சியினின்று மற்றொரு மரத்திற்குக் காற்றில் சறுக்கிச் செல்வது. பகலெல்லாம் மரப்பொந்தில் உறங்கி, இரவில் இரை தேடும். பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும்.

பொந்துள்ள மரத்தை வெட்டும்போதோ, புயலில் அது முறியும்போதோ அக்குட்டி தரையில் விழுந்துவிடலாம். அதனைக் கண்டெடுப்பவர் நெஞ்சில் முதலில் எழும் எண்ணம் யாது? 'ஐயோ, பசித்திருக்குமே! சிறிது பால் கொடுப்போம்' என்பதே. உடனே பாலாடையையும் மாட்டுப்பாலையும் தேடுவர். இரக்கத்தால் எழுந்த இவ்வெண்ணத்தைக் குறை கூற யாருக்கும் மனம் வாராது. எனினும், பால் முதலில் செய்ய வேண்டியதன்று. இறுதியில் செய்ய வேண்டியது என்பதே என் கருத்து.

முதலாவது தேட வேண்டியது தாயை. குட்டிக்குத் தாய்ப்பாலை ஒத்த உணவு வேறில்லை. காயமற்ற குட்டியை, நாயும் பூனையும் அணுகாதவாறு, அம்மரத்தருகே உயரமான இடத்தில் துணி விரித்த கூடையில் வைத்து நாம் விலகி நிற்றல் வேண்டும். பறக்கும் அணிலின் தாய் பகலில் வாராது. ஆதலின், இருட்டிய பின்னும் சில நாழிகை பொறுத்திருத்தல் இன்றியமையாதது.

தாய் வாராவிடின், அடுத்து வேண்டுவது வெப்பம். உடல் குளிர்ந்த குட்டியின் வயிறு உணவைச் செரிக்காது. வெதுவெதுப்பான நீர் நிறைந்த புட்டியைத் துணியிற் சுற்றி, அதனருகே குட்டியைக் கிடத்தலாம். உடல் சூடேறிய பின்னர், கால்நடை மருத்துவர் கூறும் உப்பும் சருக்கரையும் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுதல் முறை. அதன் பின்னரே பால்.

அப்பாலும் எப்பாலாக இருத்தல் வேண்டும்? 100 கிராம் மாட்டுப்பாலில் ஏறத்தாழ 4 கிராம் கொழுப்பே உண்டு. அணிற்பாலிலோ கொழுப்பும் புரதமும் மிகுதி, பாற்சருக்கரை குறைவு. மாட்டுப்பாலைக் குடித்த குட்டிக்குக் கழிச்சல் உண்டாகி, உடலின் நீர் வற்றிவிடும். ஆதலின், நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவையே அறிந்தோர் பயன்படுத்துகின்றனர். பாலாடையால் விரைந்து ஊற்றினால் பால் மூச்சுக்குழலிற் புகுந்து உயிரைப் போக்கும். ஊசி நீக்கிய 1 மில்லி லிட்டர் மருந்துக் குழலால், குட்டியைக் குப்புற இருத்தி, துளித்துளியாக ஊட்டுதல் வேண்டும். 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 5 மில்லி லிட்டர் அளவே போதும்.

'எங்கள் வீட்டில் அணிற்பிள்ளையை மாட்டுப்பால் ஊட்டியே வளர்த்தோம், அது பிழைத்ததே!' என்பர் சிலர். பிழைத்த ஒன்று நினைவில் நிற்கின்றது. இறந்தவற்றை எவரும் எண்ணி வைப்பதில்லை. ஒன்று பிழைத்தது என்பது முறை சரியென்பதற்குச் சான்றாகாது.

குட்டி பல் முளைத்து வளர்ந்த பின்னரும் இக்கவனம் வேண்டும். நிலக்கடலையை அது விரும்பித் தின்னும். ஆனால், கடலையில் சுண்ணச்சத்துக் குறைவு, எரியச்சத்து மிகுதி. அதனையே உண்டு வளரும் குட்டியின் எலும்பு மெலிந்து முறியும். மரம் விட்டு மரம் தாவ வேண்டிய உயிருக்கு இதனினும் பெருங்கேடு உண்டோ? மலைக்காட்டில் அதன் உணவு இலையும் தளிரும் காயும் பழமுமாகும். அத்திமரம் அதற்கு மிக உகந்தது. அவ்வுணவையே அது பழகுதல் வேண்டும்.

இவ்வளவும் படித்தபின், 'நாமே வளர்ப்போம்' என்று துணிதல் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிரை வீட்டில் வைத்து வளர்க்க இடந்தருவதில்லை. கையில் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் வன அலுவலருக்கோ காவல் நிலையத்திற்கோ அறிவித்தல் வேண்டும். காலந்தாழ்த்தாது அன்றே அறிவித்தல் இன்னும் நன்று. வெப்பமூட்டிக் காத்து, உரியவரிடம் ஒப்படைப்பதே நம் கடமை.

மாணவர்களே! குட்டி நம் கையில் பால் குடிப்பதைக் காண்பது இன்பந்தான். ஆயினும், நம் இன்பம் வேறு. அதன் நலம் வேறு. ஒருநாள் இரவு அது நம்மைத் திரும்பியும் பாராமல் மலைமரத்தினின்று தாவிச் செல்லுமாயின், அதற்கு நாம் ஊட்டிய உணவு நல்லுணவு என்று அறியலாம்.