ஒரு வார பிரஷரும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

"பிரஷர் 160/98. மாத்திரை தொடங்கிவிடலாம்" என்றார் டாக்டர். அன்று ஒரே ஒரு முறை பார்த்த அளவு அது. டாக்டரைக் கண்டாலே சிலருக்குப் பிரஷர் ஏறும். அதனால் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன், அவரும் சம்மதித்தார்.

மேல் கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கினேன். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்தேன். எக்ஸெலில் தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு என நான்கு நெட்டு வரிசைகளில் டைப் செய்தேன். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாட்களுக்கு ஆவரேஜ் ஃபார்முலா கொடுத்தேன். 127/79! கிளினிக்கில் 140/90 என்றால் அதிகம், வீட்டில் 135/85. பிரிண்ட் அவுட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரையைத் தள்ளி வைத்தார்.

கிளினிக்கில் அதிகமாக இருந்தால் வெளியிலும் அளந்து உறுதி செய்யுங்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011லேயே சொல்லிவிட்டது. இங்கும் அதுவே வழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. சிலருக்குக் கிளினிக்கில் சரியாக இருந்து வீட்டில் எகிறும். 180/120ஐத் தாண்டினால் வாரம் முடியக் காத்திருக்காதீர்கள். ஷீட் போடுவது நம் வேலை. மாத்திரை பற்றிய முடிவு டாக்டருடையது.