வீட்டில்தானே இருக்கிறாய்?



கண்ணாடியில் பாசிமணி செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் வேலையில் இருக்கும்போது காலிங்பெல் அடித்தால் அவரைக் கூப்பிடாதீர்கள். வர மாட்டார். வரவும் கூடாது.

ஒரு கையில் மண்பூச்சு காய்ந்த மெல்லிய எஃகுக் கம்பி. மறு கையில் வண்ணக் கண்ணாடிக் குச்சி. எதிரே டார்ச் சுடர். குச்சியின் முனை உருகித் தேன்போல இறங்கும். அதைக் கம்பியில் சுற்ற வேண்டும். கம்பியை உருட்டும் விரல் கொஞ்சம் நின்றாலும் மணி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். கண்ணாடியிலுள்ள சோடியம் சுடரை மஞ்சளாக்கிப் பார்வையை மறைப்பதால், அதற்கென்றே தனி மூக்குக்கண்ணாடி அணிந்துதான் வேலை. சூட்டில் சில சிவப்புகள் கறுத்துத் தெரியும். ஆறினால்தான் நிஜ நிறம். அதுவரை நம்பிக்கைதான்!

மணி உருவானதும் வேலை முடிந்ததா? இல்லை. அப்படியே வெளியில் வைத்தால் மேல்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு சுருங்கும். அந்த இழுபறியில் விரிசல் விழும். சில சமயம் நாலு நாள் கழித்து, வாங்கியவர் கழுத்தில் இருக்கும்போதுகூட. அதனால் 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஒரு சின்ன மின்சூளைக்குள் வைத்து, மணிக்கணக்கில் மெல்ல ஆறவிடுகிறார்கள். நடுவில் கரன்ட் போனால்? அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.

கண்ணாடி வேலைக்கு வீடு எதற்கு, தொழிற்சாலை இருக்கிறதே என்று தோன்றலாம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கண்ணாடி ஊதுவது என்றாலே தொழிற்சாலை என்றிருந்தது. மண்பாண்டக் கலை சொல்லிக்கொடுத்த ஹார்வி லிட்டில்டன், 1962 மார்ச்சில் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்துக் காரேஜில் சின்ன உலை ஒன்றை மூட்டினார். முதலில் கண்ணாடி சரியாக உருகவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடி ஆராய்ச்சியாளர், கண்ணாடியிழை தயாரிக்கப் பயன்படும் கண்ணாடிக் கோலிகளைக் கொடுத்து உருக்கச் சொன்ன பிறகே வழி பிறந்தது. ஒரு கலைஞர் தன் இடத்திலேயே உலை வைத்துக்கொள்ளும் 'ஸ்டூடியோ கிளாஸ்' இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

எனக்கென்னவோ லிட்டில்டனின் அம்மா பெஸ்ஸியின் கதைதான் இன்னும் பிடிக்கும். பெஸ்ஸியின் கணவர் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் இயற்பியலாளர். 1913-ல் அடுப்பில் வைத்த பாத்திரம் உடைந்துபோக, உங்கள் தொழிற்சாலையிலிருந்து சூடு தாங்கும் கண்ணாடி ஏதாவது கொண்டுவாருங்களேன் என்றார் பெஸ்ஸி. பேட்டரி ஜாடியை அறுத்து அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார் கணவர். அதில் கேக் சுட்டுக் காட்டினார் மனைவி. 1915-ல் 'பைரக்ஸ்' என்ற சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் கடைக்கு வந்தது. பெஸ்ஸி செய்தது ஆராய்ச்சி இல்லையா? சமையலறையில் நடந்தது என்பதற்காகச் சமையல் என்று சொல்லிவிடலாமா?

வீட்டில் செய்தால் அது வேலையே இல்லை என்று நினைப்பது நம் வீடுகளிலும் நடக்கிறது. ஆபீஸில் இருப்பவருக்கு போன் செய்து, "பால் பொங்குதா பார்" என்போமா? வீட்டில் வேலை செய்பவரிடம் மட்டும் பால், சிலிண்டர், கூரியர், ஸ்கூல் வேன் எல்லாம் தானாகப் போய்ச் சேரும். "வீட்டில்தானே இருக்கிறாய்?" என்ற ஒரே கேள்வியில் அவருடைய காலைப்பொழுது காணாமல் போய்விடும். அந்த நேரத்தில் சம்பாதிக்கிறார் என்பது நமக்கு உறைப்பதே இல்லை.

வீட்டாருக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. காற்று வெளியேற வழி இல்லாத அறையில் டார்ச் பற்றவைக்கக் கூடாது. மணியின் துளையைச் சுத்தம் செய்யும்போது தண்ணீரில் நனைத்துத்தான் அரம் போட வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடமும் வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கூடவே, கதவு சாத்தியிருக்கும் நேரம் எது என்பதையும்.

அப்புறம் விலை. "இத்தனூண்டு மணிக்கா இவ்வளவு?" என்று கேட்கும்முன் கேஸ், கரன்ட், உடைந்துபோன மணிகள், ஓர் ஆளின் பாதி நாள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். முக்கியமாக, சொந்தக்காரர்கள் முழு விலை கொடுங்கள். "நம்ம பொண்ணுதானே" என்று சும்மா எடுத்துப் போகிறவர்கள்தான் எல்லா வீட்டிலும் அதிகம்!

அன்புடன்,
ஆசிரியர்