சிக்கனமும் பசுமையும்

மாதத்தின் முதல் வாரத்தில் வரும் சம்பளம் இருபதாம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது. செங்கல், உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் ரயிலிலும் பஸ்ஸிலும் திருவனந்தபுரம் சென்று வரும் தமிழ்க் குமாஸ்தாக்களும், அன்றாடக் கூலிக்கு உழைக்கும் தொழிலாளர்களும் இதை நன்கு அறிவர். எஞ்சிய பத்து நாட்களை ஓட்டக் கை நீட்டும் இடம்தான் ஆபத்தானது. கேரளத்தில் கந்துவட்டிக்கு 'பிளேடு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2014ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் போலீசார் மாநிலமெங்கும் சோதனை நடத்த நேர்ந்த அளவுக்கு அத்தொழில் வேரூன்றியிருந்தது.

சுற்றுச்சூழல், பசுமை வாழ்வு என்ற பேச்சு எழுந்தாலே, அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று இக்குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் உண்மை வேறாக இருக்கும். வீட்டில் வீணாவது எதுவோ, அதுவே பெரும்பாலும் பணமாகவும் வெளியேறுகிறது.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட் செலவாகும். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்கூட வேண்டாம். 75 வாட் பழைய மின்விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் மாதம் 22 யூனிட்டுக்கு மேல். 30 வாட்டில் இயங்கும் புதுவகை விசிறிக்கு 9 யூனிட் போதும். உபயோகம் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறுவதால், மிச்சமாகும் யூனிட் விலை கூடிய மேல்படியிலிருந்தே கழிகிறது. அதற்காகக் கடன் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது அறிவுடைமை ஆகாது. பழையது பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும்.

சமையலறையிலும் வழி உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய 'சூடாறாப் பெட்டி' இங்குள்ள பல வீடுகளுக்குப் பழக்கமானது. கொதி வந்த பானையை அதற்குள் வைத்து மூடினால், அடுப்பை அணைத்த பிறகும் அரிசி வெந்துவிடும். சிலிண்டர் சில நாட்களாவது கூடுதலாக நீடிக்கும்.

குப்பையின் கதை பெரியது. திருவனந்தபுரம் நகரின் குப்பையைச் சுமந்த விளப்பில்சாலை ஆலை, ஊர் மக்களின் போராட்டத்தால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. தன் குப்பையை அடுத்த ஊருக்கு அனுப்பித் தப்ப முடியாது என்பதை நகரம் அன்று உணர்ந்தது. காய்கறித் தோலும் மீன் கழிவும் வீட்டிலேயே மக்கினால் உரமாகும். அந்த உரத்தில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் நான்கு கத்தரிச் செடிகளும் வளர்ந்தால், வாரச் சந்தையில் அவிழும் முடிச்சு சற்றே இறுகும். பிளாஸ்டிக்கை எரிக்காமல், கழுவி உலர்த்தி ஹரித கர்ம சேனையிடம் கொடுப்பது கடமை. அதற்குச் செலுத்தும் சிறு மாதக் கட்டணத்தை வீண் செலவென எண்ணுவது தவறு.

இப்படி மிச்சமாகும் தொகை மீண்டும் கைச்செலவில் கரைந்துபோனால் பயன் இல்லை. 1998ஆம் ஆண்டு தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் பெண்கள் வாரந்தோறும் சிறு தொகை சேமிக்கின்றனர். அவசரத்துக்கு அதிலிருந்தே குறைந்த வட்டியில் கடன் பெறுகின்றனர். அந்த வாசலை அறிந்த குடும்பத்துக்குப் பிளேடுக்காரரின் வாசல் தேவையில்லை.

ஆனால் பொறுப்பு முழுவதையும் இல்லத்தரசியின் தலையில் சுமத்துவது நியாயமன்று. கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024இல் மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. சொந்தக் கூரை இல்லாத வாடகைக் குடியிருப்பாளருக்கு அதனால் என்ன பயன்? உரக்குழிக்கு மூன்றடி மண்ணும், செடி வைக்க ஒரு மூலையும் ஒதுக்கித் தர வீட்டு உரிமையாளர்கள் முன்வர வேண்டும்.

பஞ்சாயத்துகளுக்கும் ஒரு கடமை உண்டு. 1956இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடு தமிழகத்துக்குச் சென்றது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இப்பக்கம் வாழும் தமிழர் அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அவ்வாறிருக்க, உரத்தொட்டி மானியம், விதை விநியோகம், அயல்கூட்டச் சேர்க்கை பற்றிய அறிவிப்புகள் தமிழர் மிகுந்த வார்டுகளில் தமிழிலும் ஒட்டப்படுவதே முறை. படிக்க முடியாத அறிவிப்பு, வெளியிடாத அறிவிப்புக்குச் சமம்.

அரசு செய்ய வேண்டியதைக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை காத்திராமல் தொடங்கக்கூடியது ஒன்று உண்டு: ஒரு நாற்பது பக்க நோட்டு. அன்றன்றைய செலவை அன்றிரவே அதில் எழுதும் வழக்கம் ஒரு மாதம் நிலைத்தால், எந்த ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.