சுவார்ட்ஸ் ஐயரும் இன்றைய சுற்றுப் பிரசங்கிகளும்

பஸ் ஸ்டாண்டு சுவர், மேம்பாலத் தூண், ஆட்டோவின் பின்பக்கம் என்று எங்கே பார்த்தாலும் நற்செய்திப் பெருவிழா போஸ்டர்கள். பிரசங்கியாரின் படம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. வேத வசனம் ஒரு மூலையில் பொடி எழுத்தில்.

நானும் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவன்தான். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படிப் போனவர்களால்தான் எங்கள் சபைகளே உண்டாயின. ஆனால் அவர்கள் எதை நம்பினார்கள், போன ஊரில் எதை விட்டுச் சென்றார்கள் என்று பார்த்தால், இன்று வருகிறவர்கள் பலரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது.

சுவார்ட்ஸ் ஐயரையே எடுத்துக்கொள்வோம். (பாதிரியாரை 'ஐயர்' என்பது எங்கள் சபை வழக்கம். மற்ற நண்பர்கள் குழம்ப வேண்டாம்.) 1726-இல் பிரஷ்யாவில் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டார். இந்தப் பிள்ளையைத் தேவ ஊழியத்துக்கு விட வேண்டும் என்பது அந்தத் தாயின் கடைசி ஆசை. ஹாலேயில் படித்த காலத்தில், இந்தியாவிலிருந்து திரும்பிய சூல்ச் ஐயர் அங்கே தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அந்த வேலைக்கு உதவத்தான் சுவார்ட்ஸ் தமிழ் படிக்கத் தொடங்கினார். அச்சு வேலை நிறைவேறவில்லை. ஆனால் தமிழ் அவரை விடவில்லை.

1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நான்கு மாதத்துக்குள் தமிழில் பிரசங்கம் செய்தார். பிறகு திருச்சி, அதன்பின் தஞ்சாவூர். நடுவில் பாளையங்கோட்டை, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று எத்தனையோ பயணங்கள். 1798-இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை 48 வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவர் லுத்தரன் சபைக்காரர். அவர் நம்பியதை என் பாஷையில் சொல்கிறேன். மனிதன் தன் புண்ணியத்தால் கடவுள் முன் நீதிமானாக முடியாது. கிருபையால், கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தால்தான் அது கிடைக்கும். அந்தக் கிருபைக்கு விலை கிடையாது. நற்செயல் அதற்குக் கொடுக்கும் கூலி அல்ல, அதிலிருந்து வருகிற கனி. இரண்டாவது, விசுவாசத்துக்கு இறுதி அதிகாரம் வேதம். ஆகவே வேதம் அவரவர் தாய்மொழியில் அவரவர் கையில் இருக்க வேண்டும். சீகன்பால்கு ஐயர் 1706-இல் வந்து 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தது இதனால்தான். மூன்றாவது, விசுவாசிகள் எல்லாருமே ஆசாரியர்கள். கடவுளிடம் போக, கிறிஸ்துவைத் தவிர நடுவில் இன்னொருவர் தேவையில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பிரசங்கியாருக்கென்று தனி சக்தி எதுவும் மிஞ்சவில்லை. அவர் செய்தியைச் சொல்ல வந்தவர். கேட்டவர் கையில் வேதம் இருக்கிறது, ஜெபிக்க வாய் இருக்கிறது. வந்தவர் கிளம்பிப் போனாலும் ஒன்றும் குறையக் கூடாது. சீர்திருத்தச் சபையின் சுற்றுப் பிரசங்கி என்றால், என் கணக்கில், தன்னைத் தேவையில்லாதவராக ஆக்கிக்கொள்ள வேண்டியவர்.

சுவார்ட்ஸ் ஐயர் அப்படித்தான் நடந்தார். பாளையங்கோட்டையைப் பாருங்கள். அவர் அங்கே குடியிருக்கவில்லை. குளோரிந்தா என்ற மராத்திய பிராமண விதவை, ஓர் ஆங்கில ராணுவ அதிகாரியுடன் வாழ்ந்தவர், ஞானஸ்நானம் கேட்டார். மணம் செய்யாமல் வாழ்கிற நிலையில் தர முடியாது என்று ஐயர் முதலில் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். அந்த அம்மாள் முன்நின்று கட்டிய கோயிலை 1785-இல் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். சத்தியநாதன் என்ற தமிழரை உபதேசியாராக அங்கே அனுப்பினார். 1790-இல் அவருக்கே குருப்பட்டமும் கிடைத்தது. ஐயர் போன பிறகு அங்கே நின்றவர்கள் ஒரு விதவையும் ஒரு தமிழ்க் குருவும். திருநெல்வேலிச் சபை அதிலிருந்து வளர்ந்தது.

பணத்தையும் பார்ப்போம். 1779-இல் கும்பெனி அரசு அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைக் கும்பெனியிடமே ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார். அடுத்த வருஷம் போர் மூண்டபோது, இந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் போகவிடுங்கள் என்று ஹைதரே தன் ஆட்களுக்கு உத்தரவிட்டார். தஞ்சைக் கோட்டை பஞ்சத்தில் தவித்தபோது, ஐயர் பணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் குடியானவர்கள் நம்பி மாடுகளில் தானியம் கொண்டுவந்தார்கள். இளவரசர் சரபோஜியைக் காப்பாற்றி வளர்த்தவரும் அவரே. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனாலும் ஐயர் மறைந்த பின் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்யச் சொல்லித் தஞ்சைக் கோயிலில் வைத்தார். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கும்பெனி ராணுவத்தோடு நெருக்கமாகவே இருந்தார். கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காருவதை அவர் ஒழிக்கவில்லை. எல்லாரும் ஆசாரியர் என்று நம்பியவர் அதை விட்டுவைத்தது அந்த நம்பிக்கைக்கே முரண். பிற்காலத்தில் தஞ்சைச் சபையில் அதனால் பெரிய தகராறே நடந்தது.

இன்றைக்கு வருவோம். எனக்கு அக்கா முறை வேண்டிய ஒருவர், கணவர் படுக்கையில் கிடந்தபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியாரின் ஜெப எண்ணெய்க்கும் 'விசேஷ ஜெப'த்துக்கும் பென்ஷனை மாசாமாசம் அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தான் போய்விட்டார். எண்ணெய் அனுப்பியவரிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. உன் விசுவாசம் போதவில்லை என்று அவருடைய ஆட்கள் சொன்னதுதான் கொடுமை. அடக்கத்துக்கு வந்து நின்றவர்கள் உள்ளூர் ஐயரும், பெண்கள் ஐக்கியத்து அம்மாமாரும்தான். "தம்பி, நானே ஜெபம் பண்ணியிருக்கலாமே, எனக்கு என்ன, வாயா இல்லை?" என்று அக்கா கேட்டார். மார்ட்டின் லூத்தர் 1517-இல் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். பாவமன்னிப்புச் சீட்டை விற்கிறீர்களே, கிருபைக்கு விலை உண்டா என்று.

பெருவிழாக்களில் மனம் திரும்பிக் குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும். அதை மறுக்கவில்லை. எல்லாப் பிரசங்கியாரும் ஒன்றல்ல. உண்மையானவர்கள் நிறையப் பேர் பஸ்ஸில் வந்து, பஸ்ஸில் போகிறார்கள். போஸ்டரில் அவர்கள் படம் இருப்பதில்லை.

ஆகவே யாராவது வந்தால், எத்தனை பேர் கூடினார்கள் என்று எண்ண வேண்டாம். இவர் போன பிறகு நம் ஊரில் யார் வேதம் வாசிக்கிறார்கள், யார் நோயாளியைப் பார்க்கப் போகிறார்கள், காணிக்கைக்குக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், மேடை எவ்வளவு பெரியதானாலும் அது நம் முன்னோர் பெற்ற விசுவாசம் அல்ல என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.