பிளாஸ்திரிக்கு ஒரு பாலன்ஸ் ஷீட்

அப்பாவுக்கு ஜுரம். ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுகோஸ் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் ஜுரம் போய்விட்டது. ஊசியைப் பிடித்திருந்த பிளாஸ்திரியை யாரோ அவசரத்தில் 'சர்'ரென்று இழுக்க, கூடவே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோலும் வந்துவிட்டது. அப்பாவுக்கு வயது 76. அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு மாதிரி. கொடுமை என்னவென்றால், அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்து அதன் மேல் ஒட்டியதும் இன்னொரு பிளாஸ்திரி! அதை மாற்றவேண்டிய நாள் வந்தாலே அப்பா ஸ்கூல் பையன் மாதிரி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

பசை கம்பெனி லேபில் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையனைக் கேட்டேன். "ஏண்டா, சென்ட் மாதிரி 'புஸ்'ஸுனு அடிச்சு, அப்புறம் தண்ணி விட்டுக் கழுவிடற மாதிரி ஒரு பிளாஸ்திரி கிடையாதா?"

"ஸ்ப்ரே பாண்டேஜ் இருக்கே அண்ணே. ஆனா நிறைய அயிட்டத்துல கரைப்பான் ஆல்கஹால், இல்லாட்டி அசிட்டோன் வகையறா. அடிச்சா எரியும். அடுப்புப் பக்கம் போகக்கூடாது."

இது 1840களிலிருந்து வரும் பிரச்னையாம். நைட்ரோசெல்லுலோஸை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, 'கொலோடியன்' என்று பெயர் வைத்து அந்தக் கால டாக்டர்கள் புண்ணில் தடவியிருக்கிறார்கள். காய்ந்தால் மெல்லிய தோல் மாதிரி படியும். நைட்ரோசெல்லுலோஸ், வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி!

"எரியாம இருக்கணும்னா தண்ணியில கரையற பாலிமர்தான். ஞாயித்துக்கிழமை லேபுக்கு வாங்க, காட்டறேன். ஒரு கையை மட்டும் காலியா கொண்டுவாங்க."

நான் பி.காம். எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி ரசத்தில் பெருங்காயம் போடுவதோடு முடிகிறது. ஆனால் அன்று அவன் செய்ததைப் பார்த்தால் அது கெமிஸ்ட்ரியே இல்லை, அக்கவுன்டன்சி. ஒவ்வொரு பாலிமருக்கும் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று.

முதலில் பி.வி.பி. 1930களில் ஜெர்மனியில் பிறந்தது. புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்தில் அயோடினைச் சுமந்து வருவது இந்த ஆசாமிதான். 1950களில் ஹேர் ஸ்ப்ரேயாகவும் பிழைத்திருக்கிறார். வரவு: நன்றாக ஒட்டும், சீக்கிரம் கரையும். பற்று: காற்றில் ஈரம் இருந்தால் அதையும் உறிஞ்சிக்கொண்டு பிசுபிசுக்கும். சென்னையில் காற்றில் ஈரம் இல்லாத நாள் எது? பத்து நிமிஷத்தில் என் முழங்கை லேப் மேஜையோடு சம்பந்தம் பேச ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது எச்.பி.எம்.சி. மரக்கூழ் வம்சம். மாத்திரைகளுக்கு மேல்பூச்சு, கண் சொட்டு மருந்துக்கு வழவழப்பு, எல்லாம் இதன் கைங்கரியம். பிசுபிசுப்பு இல்லை. கண்ணாடி மாதிரி படலம். ஆனால் வெந்நீரைவிடப் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கரையும் விசித்திரப் பிறவி. மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னான். வியர்வையில் போயே போய்விட்டது.

மூன்றாவது பி.வி.ஏ. இதுவும் ஜெர்மனிதான், 1924. துணி துவைக்கும் சோப்பு நீரைக் குட்டிப் பொட்டலமாகப் போட்டு விற்கிறார்களே, அந்தப் பொட்டலத்தின் மேலுறை. நல்ல உறுதி. காய்ந்தால் விறைக்கும் என்பதால் கொஞ்சம் கிளிசரின் சேர்த்திருந்தான். மணிக்கட்டை மடக்கினேன், விரிசல் இல்லை.

"அடர்த்திதான் அண்ணே தலைவலி. பாலிமர் கூடினா கஞ்சியாயிடும், தூறலா வராம பீச்சாங்குழல் மாதிரி கோடா வரும். குறைச்சா தண்ணியா ஓடும், காய நேரமாகும்."

அவன் வாட்சைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். ஆல்கஹால் சட்டென்று பறந்துவிடும். தண்ணீருக்கு அந்த அவசரம் கிடையாது.

காற்றே புகாமல் மூடினாலும் தப்பாம். அதற்கு ஒரு சோதனை: குட்டி சீசாவில் தண்ணீர் ஊற்றி, வாயைப் படலத்தால் மூடி, எடை போட்டு, 24 மணி நேரம் கழித்து மறுபடி எடை. குறைந்த எடைதான் ஆவியாக வெளியேறியது. ரொம்ப வெளியேறினால் புண் காய்ந்துவிடும். புண்ணைக் காயவிட்டால் சீக்கிரம் ஆறும் என்று பாட்டி காலத்திலிருந்து நம்புகிறோமே? 1962ல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளிடம் சோதித்துப் பார்த்தார். படலத்துக்கு அடியில் ஈரமாக இருந்த காயத்தில், பொருக்குத் தட்டவிட்ட காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் மூடியது.

நான் ஆடிட்டர் தோரணையில் கேட்டேன். "தண்ணியில கரையணும்ங்கறே. வியர்வையில கரையக்கூடாதுங்கறே. ரெண்டும் எப்படிடா?"

"அதுதான் அண்ணே மொத்தக் கணக்கும்" என்றான்.

பி.வி.ஏ.வில் இரண்டு ஜாதி. தயாரிப்பில் 88 சதவீதத்தோடு நிறுத்தியது பச்சைத் தண்ணீரிலேயே கரையும். 98க்கு மேல் போனது கரைய 90 டிகிரி வெந்நீர் வேண்டும். ஆறின பிறகு ஸ்ப்ரே அடித்தால், காய்ந்த படலம் வியர்வைக்கு அசையாது. கழற்ற? வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் உப்பிக்கொண்டு தானாகக் கிளம்பும்.

ஊறவிட்டேன். உரிந்து வந்தது. ஒரு முடிகூட இழுபடவில்லை. ஐயா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பியபோது பாட்டிலைப் பையில் போட்டேன்.

"வைங்க அண்ணே."

"ஒரே ஒரு தடவை... அப்பாவுக்கு..."

"இதை நல்ல தோல்லதான் அடிச்சோம். கிருமி நீக்கல. அலர்ஜி டெஸ்ட் பண்ணல. பெரியப்பா புண்ணுல நீர் கசியுது, அது அடியிலேர்ந்தே இதைத் தூக்கிடும். பசைக்காரன் நான், டாக்டர் இல்ல" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டான். பதிலுக்கு ஒரு யோசனை தந்தான்.

வீட்டுக்கு வந்தேன். பிளாஸ்திரியின் ஓரத்தில், நல்ல தோல் பக்கமாக, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, பிளாஸ்திரியை மேலே தூக்காமல் படுக்கவைத்து மடக்கி, முடி வளரும் திசையில் நூல் நூலாக இழுத்தேன். பத்து நிமிஷம் பிடித்தது. அப்பா கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்திரியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"எப்படா ஆரம்பிக்கப் போறே?"